செடியைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு

காரைக்குடியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார். காலைப் பார்த்துத்தான் பேசுவார். வீடு கேட்டு முதல் தடவை போய் நின்றபோது, நான் என் பெயரையும் வேலையையும் சொல்லி முடிக்கும்வரை என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வழியில் எதையாவது மிதித்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்து ஒரு காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன்.

"ஏன் தூக்கிப் பாக்குறீக?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லாமயா ஒரு மனுசன் காலைத் தூக்குவான்?"

இந்த வீடு நமக்கில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். ஆனால் மறுநாள் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். மாடிப் போர்ஷன் எங்களுக்குக் கிடைத்தது. எனக்கு முன்னால் வந்து கேட்டவர் பேசும்போது காலை ஆட்டிக்கொண்டே இருந்தாராம். வீட்டுக்காரரின் மனைவி பிறகு சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரியும்.

தெருவில் அவரை இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வார்கள். புதிதாக வருகிறவர்கள் போலீஸ் என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் திருத்தமாட்டார். உண்மையில் அவர் பஸ்ஸில் டிக்கெட் சோதனை செய்கிற இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருப்பத்தூர் ரோட்டிலும் தேவகோட்டை ரோட்டிலும் ஏதாவது ஒரு புளியமரத்து நிழலில் நின்று, வருகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறி, டிக்கெட்டை வாங்கிக் கிழித்துக் கொடுத்தே காலத்தைக் கழித்திருக்கிறார். அந்த வேலையில் அவர் கண்டுபிடித்த ஒரே உண்மையை எனக்கு ஒரு நாள் சாவகாசமாக விளக்கினார்.

"டிக்கெட்டு எடுக்காதவன் என்னையப் பாத்ததும் மூஞ்சிய நல்லா வச்சுக்கிருவான் தம்பி. சிரிப்பான். தூங்குற மாதிரி கண்ண மூடிக்கிருவான். மூஞ்சிக்குப் பழக்கம் இருக்கு. காலுக்கு அது கெடையாது. கால் கட்டைவெரலு தன்னால உள்ள மடங்கிரும். செருப்புப் போட்டுருந்தாலும் எனக்குத் தெரியும்."

இதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். அன்றிலிருந்து அவர் முன்னால் நின்றால் என் கட்டைவிரல் தானாக மடங்க ஆரம்பித்தது. ஒரு தப்பும் செய்யாதவன் நான். வாடகையை நேரத்துக்குக் கொடுக்கிறவன். ஒரு கல்லூரி அலுவலகத்தில் யாரிடமும் நல்ல பெயரும் கெட்ட பெயரும் வாங்காமல் உட்கார்ந்திருக்கிற கிளார்க். ஆனாலும் விரல் மடங்கும். அவர் அதைப் பார்ப்பார். நான் அவர் பார்ப்பதைப் பார்ப்பேன்.

கோயிலுக்குப் போனால் ஒரு செருப்பைக் கிழக்கு வாசலிலும் இன்னொன்றைத் தேங்காய்க் கடை ஓரத்திலும் விடுவார். ஒற்றைச் செருப்பை எவன் தூக்குவான் என்பது கணக்கு. கீரைக்கட்டைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கமாட்டார். யார் வீட்டிலாவது காபி கொடுத்தால், கொடுத்தவர் ஒரு வாய் குடிக்கட்டும் என்று டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பார். மனைவி டவுன் பஸ்ஸில் சந்தைக்குப் போய்விட்டு வந்தால் பையை இறக்கி வைப்பதற்கு முன்னால் கை நீளும்.

"டிக்கெட்டு?"

பெண்களுக்குக் காசில்லாமல் கொடுக்கிற டிக்கெட்தான் அது. அந்த அம்மாள் மணிபர்ஸிலிருந்து சுருட்டி வைத்த அந்தச் சீட்டை எடுத்து நீட்டுவார். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். என் மனைவி ஒரு நாள் தாங்க முடியாமல் கேட்டேவிட்டாள். "அதான் காசே இல்லையே சார், அதைப் போயிப் பாக்குறீங்க?"

"காசு இல்லாட்டியும் டிக்கெட்டு டிக்கெட்டுத்தாம்மா. எடுத்தாகளா இல்லையான்னு எனக்குத் தெரியணும்ல."

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒரு வரியில் சிரிப்பை உள்ளே வைத்துப் பேசுவார். எதையும் ஆசைப்பட்டுக் கேட்டதாக நாங்கள் பார்த்ததில்லை. அவர் வைத்துக்கொண்டிருந்த ஒரே ஆசை அந்த இட்லிப்பூச் செடிதான்.

வாசலுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவு செம்மண் தரை. அதில் நின்றது அது. நர்சரியில் தொட்டியில் வைத்து விற்கிற குட்டை இட்லிப்பூ வேறு. மஞ்சளிலும் ரோஸிலும் பூக்கும், காய்க்காது. இது நாட்டுச் செடி. புதர்க்காட்டில் தானாக முளைக்கிற வெட்சி. சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூத்து, பூ முடிந்ததும் சின்னச் சின்னப் பழம் வைக்கும். பழத்துக்குக் கொண்டைக்குருவி வரும். இளையாத்தங்குடிப் பக்கம் அக்காவின் பிறந்த வீட்டுக்குப் பின்னால் இது காடாகக் கிடந்ததாம். தம்பிக்காரர் அந்த இடத்தை விற்றார். பிளாட் போடுவதற்கு இயந்திரம் வருவதற்கு முன்பு அக்கா போய், வேர் விட்ட ஒரு கிளையை ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்.

"அங்குட்டு இப்ப ஒரு குச்சி கூடக் கெடையாது. எல்லாம் கல்லு ஊண்டிப்புட்டாக" என்றார் என் மனைவியிடம்.

வெட்சியைச் சூடிக்கொண்டுதான் அந்தக் காலத்தில் அடுத்தவன் மாட்டைக் கவர்ந்துவரப் போவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை ஒரு நாள் வாய் சும்மா இராமல் அவரிடம் சொல்லிவைத்தேன். இன்ஸ்பெக்டர் என் காலைப் பார்த்தார்.

"அப்ப ஆதியிலருந்தே களவுக்குத்தான் போயிருக்கு இந்தப் பூவு" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பூ காணாமல் போய்க்கொண்டிருந்தது. நம் ஊர்களில் காலையில் நடக்கப் போகிறவர்களில் சிலர் கையில் ஒரு பையோடு போவார்கள். அடுத்தவர் காம்பவுண்டுக்குள் கையை விட்டுச் சாமிக்குப் பூப் பறிப்பார்கள். சாமிக்குத்தானே என்று மனசாட்சியைச் சமாதானப்படுத்திக்கொள்வார்கள். எல்லாத் தெருவிலும் நடப்பது. அக்கா தினமும் ஒரே ஒரு கொத்தைப் பறித்துத் தெருமுனைப் பிள்ளையாருக்கு வைத்துவிட்டு மிச்சத்தைச் செடியிலேயே விட்டுவிடுவார். அந்த மிச்சம் மறுநாள் காலையில் இருக்காது. போனால் போகிறது, சாமிக்குத்தான் போகிறது என்றார் அக்கா. இன்ஸ்பெக்டரால் அப்படி விடமுடியவில்லை. பணியில் இருந்தவரைக்கும் அவர் பஸ்ஸில் ஒரு ஆள் தப்பித்ததில்லை. இப்போது சொந்த வாசலில் எவனோ டிக்கெட் எடுக்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறான்.

கேமரா வைத்துவிடலாமே சார் என்றேன்.

"கேமராவுல என்ன தெரியும்? மூஞ்சி தெரியும். மூஞ்சிய வச்சு நான் என்ன பண்றது?"

அவருக்கு வேண்டியது கால். அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டுக்கு வெள்ளையடித்த வகையில் மிச்சமிருந்த சுண்ணாம்பை நீற்றி, காயவைத்து, பழைய வேட்டித் துணியில் சலித்தார். ஒரு பிஸ்கட் டின்னின் மூடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டார். சாயங்காலம் விளக்கு ஏற்றிய பிறகு டின்னைக் குலுக்கிக் குலுக்கிச் செடியைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு வெள்ளையாகத் தூவுவார். காலையில் காபிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அதை ஒரு சுற்று பார்ப்பார். காக்கை வந்திருக்கும், பூனை வந்திருக்கும். பார்த்து முடித்ததும் தண்ணீரை விட்டுக் கழுவி, மறுபடி சாயங்காலம் புதிதாகத் தூவுவார். நேற்றைய தடமும் இன்றைய தடமும் கலந்துவிடக் கூடாது அல்லவா.

ஒரு காலை அதில் பாதிச் செருப்புத் தடம் ஒன்று விழுந்திருந்தது. அன்றைக்கு வீடு பட்ட பாடு! தடத்தின் மேல் செய்தித்தாளை விரித்துப் பென்சிலால் வரைந்து, வெட்டி எடுத்து, வீட்டு வாசலுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் செருப்பைக் கழற்றச் சொன்னார். பால்காரர் கழற்றினார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கழற்றினார். மாடிப்படியில் கிடந்த எங்கள் செருப்புகளை அவரே எடுத்து வைத்துப் பார்த்தார். என் செருப்பு பொருந்தியது. காரைக்குடியில் பாதிப் பேர் செருப்பு அதற்குப் பொருந்தியிருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை; செருப்பைப் பழைய இடத்தில் ஜோடியாக வைத்தார். ஒன்றும் சொல்லாமல் ஒருவர் செருப்பைத் திருப்பி வைப்பது எவ்வளவு அவமானமான விஷயம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் அளந்து பார்க்காத செருப்பு ஒன்றே ஒன்றுதான், அவர் காலில் கிடந்தது. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஐப்பசி மழை தொடங்கிய சமயம் செடி வெளுக்க ஆரம்பித்தது. புது இலைகள் முதலில் மங்கின. நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இலை முழுவதும் மஞ்சளாகிவிட்டது. மொட்டு கட்டுவது நின்றது. அக்கா வாசல் தெளிக்கும்போதெல்லாம் குனிந்து ஓர் இலையைத் தொட்டுப் பார்ப்பார்.

இன்ஸ்பெக்டருக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. "பூவைப் பறிக்க முடியலைன்னு ஆத்திரத்துல எவனோ என்னத்தையோ ஊத்திப்புட்டான். ஆசிட்டா இருக்கும்."

"தண்ணி ஒத்துக்கலையோ என்னமோ சார்."

"இது சம்பை ஊத்துத் தண்ணி தம்பி, காரைக்குடியே குடிக்கிற தண்ணி. இதைக் குடிச்சுட்டு ஒரு செடி சாகுமா? மனுசன்தான் காரணம்."

வெள்ளைக் கோடு இரண்டு முழமாக அகலமாயிற்று. மழை பெய்து கரைத்த நாளில் இன்னொரு தடவை தூவினார். பால்காரர் வண்டியை நாலு வீடு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வரவேண்டும் என்று உத்தரவு. எதிர்வீட்டு அம்மாள் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் இந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார். என் மனைவி மாடியில் துணி அலசினால் சோப்புத் தண்ணீர் எந்தக் குழாய் வழியாக இறங்குகிறது என்று கீழே நின்று பார்த்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதைவிட மோசம், எனக்கும் அது தொற்றிக்கொண்டது. காலையில் பையோடு நடக்கப் போகிறவர் யாரைப் பார்த்தாலும் என் கண் அவர் காலுக்குப் போனது. அவர் செருப்பில் வெள்ளை ஒட்டியிருக்கிறதா என்று நான் தேடினேன்.

"எப்படிக்கா இவரோட இத்தனை காலம் குடும்பம் நடத்துனீங்க?" என்று என் மனைவி ஒரு மத்தியானம் கேட்டாள். அக்கா மாடியில் வற்றல் காயப்போட வந்திருந்தார்.

"எனக்கே ஃபைன் போட்டவுக" என்றார் அக்கா.

கல்யாணமான புதிது. அக்கா திருப்பத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். காசை நீட்டியதற்கு, இன்ஸ்பெக்டர் வீட்டுக்காரம்மாவுக்கு எதற்கு டிக்கெட் என்று கண்டக்டர் வாங்க மறுத்துவிட்டார். பாதி வழியில் பஸ் நின்றது. புளியமரத்தடியிலிருந்து அவர் ஏறினார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, புதுப்பெண்டாட்டி முன்னால் நின்று கையை நீட்டினார்.

"நான் சிரிச்சேன். வெளையாடுறாகன்னு நெனச்சேன். இவுக என் காலைப் பாத்தாக. அம்புட்டுத்தான். பஸ்ஸு நெறையா ஆளு. எல்லாரும் பாக்க ஃபைன் எழுதிக் கையில குடுத்தாக. கண்டக்டருக்கு மெமோ."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"கட்டுனேன். அதுக்கப்புறம் ரொம்ப நாளு பேசலை. பேசலைங்கிறதை அவுக கவனிச்சாகளான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குச் சந்தேகம்தான்." அக்கா சிரித்தார். என் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா அடிக்கடி மாடிக்கு வந்ததற்கு வற்றல் மட்டும் காரணமில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒரு பழைய பெயிண்ட் வாளியில், வெட்சியின் ஒரு கிளை இருந்தது. ஆடி மாதமே வேரோடு பிரித்து எடுத்து என் மனைவியிடம் கொடுத்திருந்தார். "கீழ ஒண்ணு போனாலும் மேல ஒண்ணு இருக்கட்டும். அவுகளுக்குத் தெரிய வேணாம். ஒருத்தருக்குக் குடுத்தா தெருவே வந்து நிக்கும்பாக." அதே செம்மண், அதே தண்ணீர். அது கரும்பச்சையாகத் தழைத்துக் கார்த்திகையில் முதல் கொத்தையும் வைத்துவிட்டது.

ஒரு நாள் மாடிக்கு வந்தார் இன்ஸ்பெக்டர். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வந்தேன் என்றார். சொல்லாமல் கொள்ளாமல் ஏறுவதுதானே அவர் தொழில். தொட்டியைச் சுற்றி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு குந்தி உட்கார்ந்து, இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். பூவை மோந்தார். எழுந்து என் காலைப் பார்த்தார். என் கட்டைவிரல் இரண்டும் மடங்கின.

"இது எங்குட்டுருந்து வந்துச்சு?"

அக்காவைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனமில்லை. பொய் சொல்லவும் வரவில்லை.

"கீழ இருக்குற செடி சாகுது. மேல இருக்குறது பூக்குது. நான் என்ன நெனைக்கணும்? நீங்களே சொல்லுங்க தம்பி." குரலை உயர்த்தவே இல்லை. "கீழ உள்ளது பட்டுப்போச்சுன்னா நீங்க வேற வீடு பாத்துக்கிருங்க. பிள்ளைக்குப் பரீச்சை, அது இதுன்னு அப்புறம் வந்து நிக்காதீக."

என் மகள் அந்த வருடம் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் தெருவுக்குப் பின்னால். பங்குனியில் பொதுத்தேர்வு. அதற்கு நடுவில் மூட்டையைக் கட்டிக்கொண்டு எந்தத் தெருவில் போய் வீடு தேடுவது? ஒரு செடி பிழைத்தால் எங்களுக்கு வீடு உண்டு, செத்தால் இல்லை என்று ஆயிற்று. இதைவிடக் கேவலமான நிலைமை ஒரு குடும்பத்துக்கு வரமுடியாது என்று அன்று முழுவதும் பொருமிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அக்கா உண்மையைச் சொல்லிவிட்டார். "நாந்தான் குடுத்தேன். அவுக மேல ஒரு தப்பும் இல்ல" என்று அவர் கீழே சொன்னது எங்களுக்கு மாடிப்படியில் கேட்டது.

"அவுகளைக் காப்பாத்தப் பாக்குற" என்றார் அவர். உண்மையைக் கூட நம்பாத ஆளிடம் என்ன செய்யமுடியும்?

விஷயத்தைக் கண்டுபிடித்தது என் மனைவிதான். இரண்டு செடிக்கும் ஒரே தாய், ஒரே மண், ஒரே தண்ணீர்; மாடிச் செடிக்கு இல்லாமல் கீழ்ச் செடிக்கு மட்டும் போவது என்ன என்று கேட்டுப் பார்த்தாள். பதில் டின்னில் இருந்தது. போனில் தேடிப் பார்த்தால் அப்படியேதான் போட்டிருந்தது. இட்லிப்பூவுக்குச் சுண்ணாம்பு ஆகாது, நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் ஆகும் என்று படத்தோடு இருந்தது. திருடன் எடுத்துக்கொண்டு போனது நாலு பூவை. செடியைக் கொன்றுகொண்டிருந்தது காவல்.

நான் போனை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இதை யாரு எழுதுனது?"

"தெரியலை சார். செடி வளக்குறவங்க யாரோ."

"தெரியாத ஆளு சொல்றான், பொடி தூவாதேன்னு. நீங்களும் சொல்றீக, பொடி தூவாதேன்னு." என் காலைப் பார்த்தார். "பொடி இல்லாட்டி யாருக்குத் தம்பி சௌகரியம்?"

அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. செடியைக் காப்பாற்றுகிற வழியை எவன் சொல்கிறானோ அவனே திருடன். நான் மேலே வந்து மகளிடம், புத்தகங்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுவைக்கச் சொன்னேன். தெரிந்தவர்களிடம் வீட்டுக்குச் சொல்லிவைத்தேன்.

மார்கழி பிறந்தது. தெரு முழுவதும் கோலம். ஒரு நாள் அவர் பென்ஷன் விஷயமாக பேங்குக்குப் போயிருந்த நேரம், அக்கா ஒரு தூக்கோடு மாடி ஏறி வந்தார். முழங்கால் வலிக்காரர், படிக்குப் படி நின்று வந்தார். தூக்கில் ஊறவைத்து உலர்த்திய பச்சரிசி.

"உங்க மிக்ஸியில கொஞ்சம் அரைச்சுத் தாரியாம்மா? நல்லா நைஸா."

"உங்க மிக்ஸி ரிப்பேராக்கா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுல என்னத்துக்கு அரைக்கிறேன்னு கேப்பாக. உங்க வீட்டுல ஓடுனா சட்டினி."

அரைத்த மாவைச் சலித்து உள்ளங்கையில் எடுத்து, வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. நிறத்தில் சுண்ணாம்புக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. டின்னில் இருந்ததை அக்கா சாக்கடையில் கொட்டிவிட்டு மாவை நிரப்பினார். களை எடுக்கிறேன் என்ற பெயரில் செடியடியில் வெள்ளை படிந்திருந்த மேல்மண்ணைச் சுரண்டி அள்ளிவிட்டுப் புதுச் செம்மண் போட்டார். சுண்ணாம்பின் காரம் முறியட்டும் என்று புளித்த மோரை ஊற்றினார்.

"கண்டுபிடிச்சுட்டா என்னக்கா பண்றது?" என்றேன். என் பயம் எனக்கு. வீட்டுக்காரருக்கு எதிராக அவர் வீட்டிலேயே சதி செய்கிறோம். மாட்டினால் பரீச்சை வரைக்கும் கூட விடமாட்டார்.

"ஃபைன் போடுவாக" என்றார் அக்கா. "ஏற்கெனவே கட்டுனவதான நான்."

வாரத்துக்கு ஒரு தூக்கு மாவு எங்கள் மிக்ஸியில் ஓடியது. மிக்ஸி ஓடும்போது நான் ஜன்னலருகே நின்றுகொள்வேன். அவர் தினமும் சாயங்காலம் டின்னைக் குலுக்கித் தூவினார். காலையில் குந்திப் பார்த்தார். தை பிறந்து பொங்கல் முடிந்ததும் கிளை நுனியில் இரண்டு இலை பச்சையாக வந்தது. பிறகு நாலு. பழைய மஞ்சள் இலைகள் உதிர்ந்தன.

"பாத்தீகளா?" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "கோட்டை அகலப்படுத்துனதும் பய மெரண்டுட்டான்."

"ஆமா சார்" என்றேன். கட்டைவிரல் மடங்கிக் கிடந்தது. அவர் பார்த்தார். எதையோ மனதில் குறித்துக்கொண்டவர் போல நகர்ந்தார்.

மாசியில் ஒரு காலை நான் வேலைக்குக் கிளம்பி மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம்போலச் செடியருகே குந்தியிருந்தார். ஆனால் தடம் பார்க்கவில்லை. பனிக்காலம் முழுவதும் தலைகாட்டாத எறும்புகள், வெள்ளைக் கோட்டிலிருந்து வாசற்படி இடுக்குவரைக்கும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெள்ளைப் பொடி. சுண்ணாம்பை எந்த ஊர் எறும்பு தூக்கிக்கொண்டு போகும்? நான் பாதிப் படியில் நின்றுவிட்டேன். இத்தனை நாள் பார்த்துப் பார்த்துச் செய்தும் இந்த எறும்பை எங்களில் யாரும் யோசிக்கவில்லையே.

அவர் அந்த வரிசையின் கூடவே குந்தியபடி நகர்ந்து போய்ப் பொந்தைப் பார்த்தார். திரும்பி வந்தார். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார். நாக்கில் வைத்தார். பச்சையாகத் துளிர்த்த இலை ஒன்றைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, மாடியில் எங்கள் சமையலறை ஜன்னலைப் பார்த்தார். முடிந்தது, இனி அட்டைப்பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

எழுந்து போய் டின்னை எடுத்தார். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். டின்னோடு அடுப்படி வாசலுக்குப் போனார். அக்கா உள்ளேயிருந்து வந்து நிலையில் நின்றார். டின்னையும் அவர் விரலில் ஒட்டியிருந்த வெள்ளையையும் பார்த்துவிட்டார். வெறுங்கால். படியில் நின்ற எனக்கே தெரிந்தது, அக்காவின் இரண்டு கட்டைவிரலும் உள்ளே மடங்கிக்கொண்டிருந்தன. இன்ஸ்பெக்டர் அந்தக் காலைப் பார்த்தார்.

பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தி அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவர் ஒருவர் முகத்தைப் பார்த்து நான் கண்டது அன்று ஒரு நாள்தான். ரொம்ப நேரம் பார்த்தார். அக்காவும் கண்ணை எடுக்கவில்லை.

"பொடி தீரப்போகுது" என்று டின்னை நீட்டினார். "இனிமே கீழயே அரைச்சுக்க. முட்டி வலியை வச்சுக்கிட்டு மாடிப்படி ஏறாத."

அக்கா டின்னை வாங்கிக்கொண்டார். அவர் திரும்பினார். படியில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் கண் நேராக என் காலுக்கு வந்தது.

"என்ன தம்பி, பாதிப் படியில நிக்கிறீக?"

"ஒண்ணுமில்ல சார்."

"வேலைக்கு நேரமாகலையா? போங்க."

வீட்டைக் காலி செய்கிற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. எல்லாம் தெரிந்துவிட்டதாக எங்களிடம் ஒரு நாளும் காட்டிக்கொள்ளவும் இல்லை. அன்று சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது கீழ் வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு ஏற்றிய பிறகு அவர் டின்னைக் கொண்டுவந்து, குலுக்கிக் குலுக்கி, செடியைச் சுற்றி எப்போதும்போல அகலமாகக் கோடு போட்டார். எறும்புகள் காத்திருந்து வந்தன. கோட்டை மிதித்துவிடாமல் அவர் ஓரமாக நடந்து போனார்.